நாற்பத்தேழாம் இலக்கத்துப் பூச்சி

டப்பாவை எப்படி மூடுவது, மருந்துக் குளிசையை எப்படி எண்ணிக் கொடுப்பது, பெட்டிக்குள் ஐஸ் எவ்வளவு போடுவது என்பதையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் காட்டியிருப்பார்கள். என்னைவிட நன்றாகவே காட்டியிருப்பார்கள். அதை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நீங்களும் ஆற அமர வாசியுங்கள்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம்தான் என் ஊர். அங்கே இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் பூச்சி வேலை. கொழுந்து எடுத்ததைச் சொல்லும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பூச்சி வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் மலையில் பொம்பிளைகள் முப்பது வயதிலேயே உதடு வெளுத்து, கொழுந்துக் கூடையோடு சரிவில் மயங்கி விழுந்த காரணம் அந்தப் பூச்சிதான். குடலில் கடித்துக் கொண்டு கிடந்து இரத்தம் குடிக்கிற கொழுக்கிப்புழு. அதை ஒழிக்கப் புது மருந்து தேடிய வேலையில் என் கையும் இருந்தது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். சண்டை ஓய்ந்து றோட்டில் சோதனைக் கெடுபிடி குறைந்திருந்த காலம். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்களுக்கு அவர் மிஸ், அவ்வளவுதான். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடியிருந்த நேரத்தில், ஒரு மேசை போட்டு நூறு டப்பாவை அடுக்கி வைத்தார். நாளைக்குக் காலையில் ஆளுக்கு ஒரு டப்பாவில் மலம் கொண்டு வந்து தர வேண்டும் என்றார்.

 பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

"இது எங்க போவுங்க, மிஸ்?"

"கண்டிக்கு ஐயா. ரெயிலிலை."

"நாங்க கண்டியப் பாத்ததில்ல. அதாவது போயிட்டு வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும் சிரித்தார். மிஸ்ஸும் சிரிக்கப் பார்த்தார். முகம் சிவந்து போயிற்று. மறுநாள் காலையில் மேசை வெறுமையாகவே இருந்தது. எடுத்துப் போன டப்பாக்களில் சிலர் உப்புப் போட்டு வைத்துவிட்டார்கள்.

என்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கும் மறுநாள் என் டப்பாவைச் சேலைத் தலைப்பால் மூடாமல் கையில் பிடித்தபடி, இருநூறு பேர் பார்க்கக் களத்தின் நடுவால் நடந்து போய் மேசையில் வைத்தேன். "இந்தாங்க, இது என்னுது. நான் செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேன். அன்றைக்கு எட்டுப் பேர் கொண்டு வந்தார்கள். அந்தக் கிழமை முடிவதற்குள் மேசை நிறைந்தது. அதற்கு அடுத்த மாதம் எனக்கு இந்த வேலை கிடைத்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எனக்குப் பூச்சியக்கா என்று பெயர் வைத்தார்கள். "பூச்சியக்கா வாறா, அவங்கவங்க டப்பாவத் தூக்குங்க" என்று தூரத்திலேயே கத்துவார்கள். திட்டுவதற்காக வைத்த பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை.

கண்டிக்குப் பெயர் போகக் கூடாது என்பது மிஸ்ஸின் முதல் சட்டம். இலக்கம் மட்டும்தான் போகும். "ஆருடைய இலக்கம் எது எண்டு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சால் போதும் அக்கா. எனக்கும் தெரிய வேண்டாம்" என்றார். எனக்கோ பெயரை எழுதினால் ஒரு பெயருக்கு ஒரு பொழுது போகும். ஆகவே ஒரு கொப்பியில் இலக்கத்தை எழுதி, பக்கத்தில் படம் போட்டேன். கோழி வளர்க்கிறவருக்குக் கோழி. எப்போதும் குடையோடு நடக்கிறவருக்குக் குடை. வாயாடிக்கு ஒரு வாய். இலக்கம் என் மனதில் நிற்காது. படத்தைப் பார்த்தால் ஆள் எழும்பி வந்து நிற்பார். இது பின்னால் வருகிற கதைக்கு வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

என்ன தேடுகிறார் என்பதையும் மிஸ் எனக்குச் சொல்லித் தந்தார். வெட்கப்படாமல் கேட்டேன், அவரும் அலுக்காமல் சொன்னார். ஒவ்வொரு உயிருக்குள்ளும் ஓர் எழுத்து இருக்கிறதாம், மரபணு என்று. அதை வாசித்தால் அந்த உயிர் என்னென்ன புரதம் செய்கிறது என்று தெரியும். பூச்சியின் உடம்புக்குள் ஒரு புரதம், நம் லயத்துக் கூரையைத் தாங்கும் கம்பு மாதிரி நிற்கிறது. இப்போது கொடுக்கிற மருந்து போய் அந்தக் கம்பைப் பிடித்து ஆட்டும். கூரை சரியும், பூச்சி சாகும். "எங்களிட்டை இருக்கிறது இந்த ஒரு வகை மருந்துதான் அக்கா. பூச்சி ஒரு நாள் கம்பை மாத்திப்போட்டுதெண்டால் எங்களிட்டை வேறை ஒண்டும் இல்லை. அதுக்கு முதல் அதின்ரை எழுத்தை வாசிச்சு வேறை இடம் தேடோணும்."

அதற்காகத்தான் குளிசை கொடுப்பதற்கு முன்னால் ஒரு டப்பாவும், கொடுத்துப் பதினாலாம் நாள் ஒரு டப்பாவும் எடுத்தோம். இரண்டாவது டப்பாவில் முட்டை குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் அந்தப் பூச்சியை வளர்த்து, உறைய வைத்து, எழுத்தை வாசிப்பார்கள்.

குளிசையை என் கண் முன்னால் விழுங்க வேண்டும். விழுங்கினால் தாளில் சரி போட வேண்டும், விழுங்காவிட்டால் பெருக்கல் போட வேண்டும். என் தாளில் பெருக்கலே கிடையாது. மற்றத் தோட்டங்களிலிருந்து வந்த தாள்களில் பத்துக்கு ஒன்றாவது பெருக்கல் இருக்கும். "உங்கடை தாளைப் பாத்தாலே சந்தோசமாயிருக்கு அக்கா" என்று மிஸ் ஒருமுறை சொன்னார். நான் அதை எத்தனை வீட்டில் போய்ச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இனித்தான் கதை.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. பிறை கண்டு கம்பம் நட்டால், மதன் ரதி வேஷம் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். காப்பு அவிழும் வரைக்கும் மச்சம் மாமிசம் இல்லை, வீட்டில் படுக்கை இல்லை, தோட்டத்து எல்லையைத் தாண்டுவதில்லை. மருந்தும் தொடுவதில்லை, காய்ச்சல் வந்தாலும் விபூதிதான். எங்கள் தோட்டத்து வழக்கம் அப்படி. மதன் வேஷம் கட்டுகிறவர் டப்பாவே தராதவர், என் தாளில் இல்லை; ரதி வேஷம் கட்டுகிறவர் லிங்கம். தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற இடத்தில் வேலை. நல்ல உயரம், கட்டை மீசை. மாசி பிறந்தால் மீசையை எடுத்துவிட்டு வளையல் போட்டுக்கொண்டு வருவார், பார்க்கிற பொம்பிளைகளுக்கே பொறாமையாக இருக்கும். கொப்பியில் அவருக்கு நான் போட்ட படம் வளையல்.

ஒரு வருஷம் குளிசை கொடுக்கிற நாள், காப்புக் கட்டி மூன்றாம் நாளில் வந்தது. நாளைக் குறித்தவர்கள் கண்டியில் இருந்தவர்கள். காமன் கூத்து அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டு, தண்ணீர்ப் பானை வைத்து வரிசையாகக் கொடுத்தேன். லிங்கம் கையை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. குளிசையை உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, காப்பு அவுத்த மறுநாளே போட்டுக்கிறேன். சாமி மேல சத்தியம்."

"போட்டுக்குவியா?"

"ரதி பொய் சொல்லுவாளா?"

பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். பெருக்கல் போட்டால் என் தாளில் முதல் பெருக்கல். அதோடு, சாமிக்குப் பயந்து நிற்கிறவரை ஊருக்கு முன்னால் மருந்து தின்னாதவர் என்று எழுதவும் மனம் வரவில்லை. பதினைந்து நாள் கழித்துத் தின்னத்தானே போகிறார் என்று நினைத்தேன். சரி போட்டேன்.

பதினாலாம் நாள் டப்பா எடுத்தேன். காப்பு அப்போதும் அவிழவில்லை. அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். முட்டை மிஞ்சியவர்கள் என்று ஏழெட்டு இலக்கம் கண்டியிலிருந்து வந்தது, அவர்களுக்கு மூன்று நாள் தொடர்ந்து மருந்து கொடுக்கச் சொல்லி. கொப்பியைப் பார்த்தேன். வளையலும் இருந்தது. தின்னாதவனுக்கு மிஞ்சாமல் என்ன செய்யும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டே போய்க் கொடுத்தேன். காப்பு அவிழ்ந்திருந்தது, மூன்று நாளும் என் முன்னாலேயே விழுங்கினார். அவருடைய பூச்சி தீர்ந்தது. எனக்கு விஷயமும் தீர்ந்துவிட்டது.

மழைக்காலம் போய் ஆவணியும் பிறந்தது. ஒரு நாள் டப்பாப் பெட்டியோடு கண்டிக்குப் போனேன். மிஸ் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிக் கையைப் பிடிக்கிறவர் இல்லை அவர்.

"அக்கா, உங்கடை தோட்டத்திலை ஒரு புழு இருக்கு. மருந்து குடுத்தும் ஒரு முட்டைகூடக் குறையேல்லை. நான் எழுத்தை வாசிச்சுப் பாத்தன். கம்பு மாறேல்லை, மற்றப் புழுவிலை இருக்கிற அதே கம்பு. ஆனால் கூரை விழேல்லை."

"அப்ப?"

"அப்ப வேறை ஏதோ ஒண்டு கூரையைத் தாங்குது. ஒருத்தரும் இன்னும் காணாத ஒண்டு. அதைக் கண்டுபிடிச்சமெண்டால் புது மருந்துக்கு அதுதான் இடம்."

வெளிநாட்டில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு எழுதியிருந்தாராம். அவர்கள் பூச்சியைக் கேட்டிருக்கிறார்கள். அதோடு அவரையும் இரண்டு வருஷத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். நான் அவருடைய தலையில் கை வைத்து நல்லாயிருக்க வேண்டும் என்றேன். பிஸ்கட் பெட்டி உடைத்தோம். அவர் பிறந்த வீடு சண்டையில் போய்விட்டது, தகப்பனும் இல்லை. இரண்டு தங்கச்சிமாரைப் படிப்பித்துக்கொண்டு, மாடியில் ஒரு சின்னக் காம்பராவில் இருந்தார். அவர் அவ்வளவு சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"எத்தினையாம் நம்பரு மிஸ்?"

"நாப்பத்தேழு."

எந்த வீட்டுக்காரருக்கு இந்தப் பெருமை என்று பார்க்கத்தான் ரயிலில் வரும்போது கொப்பியை எடுத்தேன். ஹட்டன் தாண்டியிருந்தது. பக்கத்தைத் திருப்புகிற நேரத்தில் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. விரலை அந்த இலக்கத்தின் மேல் வைத்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். வளையல்.

எதிரில் இருந்த சிங்களத்து அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "அசனீபத நோனா?" என்று உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்று கையைக் காட்டினேன். தண்ணீர்ப் போத்தலைத் தந்தார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். பொய்யாகச் சரி போட்டது ஒரு நிமிஷத்துத் தப்பு. அந்தப் பத்தொன்பது நாளும் நான் நன்றாக யோசித்தே செய்த தப்பு. காலையில் எழும்பினால் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கும். டப்பா எடுத்து முடிப்பதற்குள் வேறு நியாயம் வந்துவிடும். சொன்னால் வேலை போகும். நாற்பது தாண்டின வயதில் மறுபடி கூடையைத் தலையில் மாட்ட முடியாது. சொன்னால் காப்புக் கட்டினவரைப் படித்தவர்கள் கேலி பண்ணுவார்கள். ஒருவேளை அந்தப் பூச்சியில் வேறு ஏதாவது இருந்தாலும் இருக்கலாம். எனக்கு என்ன தெரியும், நான் படிக்காதவள். படிக்காதவள் என்று என்னை நானே அதற்கு முன்னாலும் சொன்னதில்லை, பின்னாலும் சொன்னதில்லை. அந்தப் பத்தொன்பது நாள் மட்டும் அது வசதியாக இருந்தது.

கடைசியில் ஸ்டோர் வாசலில் லிங்கத்தைப் பிடித்தேன். தேயிலைத்தூள் அப்பிய முகத்தோடு வந்தார்.

"லிங்கம், அந்தக் குளிசைய எப்ப போட்ட?"

"காப்பு அவுத்த மறுநாளே போட்டேனேக்கா. சத்தியம் பண்ணேன்ல." சிரித்தார். "ஏன், என் பூச்சி சோதனையில பாஸாயிருச்சா?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் புள்ள வெளிநாட்டுக்குப் போயி, என் பூச்சிய வச்சுக்கிட்டு அவமானப்படணுமா? நான் வாறேன் கண்டிக்கு. நான் திங்கலன்னு நானே சொல்றேன்."

"வேணாம். சரி போட்டது என் கை."

"அப்ப ஏக்கா இங்க நிக்கிற?"

நல்ல கேள்விதான். ஆனால் உடனே ரயிலேறவில்லை. அதற்கு வேறு காரணம் இருந்தது. ஒரு பொய் சொன்னவள் வந்து நின்றால், மற்றதும் பொய்யா என்றுதான் யாரும் கேட்பார்கள். அன்றைக்கும் மறுநாளும் கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்தக் குளிசையை விழுங்கினாயா, வாயில் ஒதுக்கித் துப்பினாயா என்று ஒவ்வொரு படத்தையும் கேட்டேன். "பூச்சியக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றார்கள். வாய் படம் போட்டிருந்த பொம்பிளை, "உன் முன்னாடி துப்ப முடியுமாடி? வயித்துக்குள்ள போற வரைக்கும் தொண்டையவே பாத்துக்கிட்டு நிப்பியே" என்றாள். அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. லிங்கத்தைத் தவிர விழுங்காதவர் வேறு ஒருவரும் இல்லை.

தப்பைச் சொல்லப் போகும்போது அது எதுவரைக்கும் போயிருக்கிறது என்பதையும் கையோடு கொண்டு போங்கள். வெறும் கையோடு போய் அழுதால் கேட்கிறவருக்கு இரண்டு வேலை.

கண்டியில் மிஸ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். புகை விடுகிற ஐஸ் போட்ட பாரமே இல்லாத நுரைப்பலகையில் செய்த வெள்ளை ரெஜிபோம் பெட்டி. அதன் நடுவில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் குழாய்கள். மதியம் வண்டி வந்து எடுத்துப் போக இருந்தது.

"என்னக்கா, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள்? மூச்சு வாங்குது. இருங்கோ."

"மிஸ், அந்தப் பெட்டிய மூடாதீங்க."

"ஏன்?"

"நாப்பத்தேழு குளிசை முழுங்கல."

கையிலிருந்த டேப்பை அவர் மேசையில் வைத்தார். "நீங்கள் சரி போட்டிருக்கிறியள்."

"போட்டேன். பொய்யா போட்டேன்."

"எப்பிடித் தெரியும் உங்களுக்கு?"

"போட்ட அன்னைக்கே தெரியும் மிஸ். அது உங்களுக்கு இம்புட்டுப் பெருசுன்னு தெரிஞ்சு பத்தொம்பது நாளாச்சு."

அவர் உட்கார்ந்துவிட்டார். பெட்டியிலிருந்து புகை வழிந்து மேசையின் ஓரத்தால் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 

"கூரை ஏன் விழேல்லை எண்டு அஞ்சு மாசமாத் தேடினனான் அக்கா" என்றார். "காத்தே அடிக்கேல்லை."

சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தொடலாமா என்று தெரியவில்லை. அன்றைக்குக் காலையில் தொட்டிருப்பேன், அந்த நேரம் எனக்கு அந்த உரிமை இல்லை.

முகத்தைத் துடைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, நான் எதிர்பார்த்ததுதான். "வேறை ஆருக்கும் இப்பிடிப் போட்டனீங்களோ?"

"இல்ல. ஒவ்வொரு வீடா போயி கேட்டுட்டுத்தான் வந்தேன்." கொப்பியைப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி வைத்திருந்தேன். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வளையல் வந்ததும் நிறுத்தினார். பெயரைக் கேட்கவில்லை. தன் சட்டத்தை அப்போதும் அவர் மீறவில்லை.

"ஏன் விழுங்கேல்லை, இவர்?"

காப்பைப் பற்றிச் சொன்னேன். கேலி செய்வார் என்று நான் பயந்தது அந்த இடத்தில்தான். அவர் பேனாவை எடுத்தார். எத்தனை நாள் காப்பு, எந்தெந்தத் தோட்டத்தில், எத்தனை பேர் கட்டுவார்கள், தீமிதிக்கும் இப்படி உண்டா, மலைக்கு மாலை போடுகிறவர்கள் மருந்து தின்பார்களா. கேட்கக் கேட்க எழுதிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இதை நான் முதல் நாளே உங்களிட்டைக் கேட்டிருக்கோணும்" என்றார். என் தப்பில் பாதியைத் தன் பக்கம் எடுத்து வைத்தார். நான் விடவில்லை. "நீங்க கேக்காட்டியும் நான் சொல்லிருக்கணும்" என்றேன். இன்றைக்கும் அதுதான் என் கட்சி.

பிறகு பெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து வேறு தட்டில் வைத்தார். மருந்து பட்ட பூச்சியை ஒப்பிட்டுப் பார்க்க மருந்து படாத பூச்சியும் வேண்டுமாம். அந்த வரிசையில் நாற்பத்தேழைச் சேர்த்தார். புது லேபலை என் முன்னால் நீட்டி, என்னையே எழுதச் சொன்னார். "மருந்து தின்னவில்லை" என்று எழுதினேன். இரண்டு வார்த்தை. எழுத்துப் பிசகி மூன்று லேபல் வீணாகிப் போனது. அவர் அவசரப்படுத்தவில்லை.

வெளிநாட்டுக்கு அன்றைக்கே கடிதம் எழுதினார். தப்பு நடந்துவிட்டது, பூச்சி வராது என்று. யார் தப்பு என்று எழுதவில்லை. அவர் வாசித்துச் சொன்னார், நான் கேட்டேன். வண்டிக்காரன் வெறும் கையோடு திரும்பிப் போனான். அதற்குப் பிறகுதான் என்னிடம், "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார்.

வெளிநாட்டில் அவருக்கு வைத்திருந்த இடத்துக்கு வேறு நாட்டுக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் வேலை போகவில்லை. தாளில் மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது. சரியும் போட முடியாமல் பெருக்கலும் போட மனம் வராமல் நிற்கும்போது, அதில் ஏன் என்று எழுத வேண்டும். உங்கள் தாளில் இன்றைக்கும் இருக்கிறதே, அந்தக் கட்டம்தான். அதை நிரப்ப வெட்கப்படாதீர்கள். என் தாளில் அதற்குப் பிறகு பெருக்கலும் விழுந்தது. மிஸ் அதைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. என் தாளைப் புகழ்வதையும் அதோடு விட்டுவிட்டார். அது எனக்கு வலித்தது, வலிக்கத்தான் வேண்டும்.

அவர் போகாததால் வேலை பெருத்தது. இன்னும் இரண்டு வருஷம், எங்கள் தோட்டம் மட்டும் போதாது என்று உடப்புசல்லாவைப் பக்கமும் நல்லதண்ணிப் பக்கமும் போனோம். அவரும் நானும்தான். முதல் நாள் ஆலயத்துக்குப் போய் இந்த மாதம் என்ன விரதம், யார் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று விசாரிப்பது என் வேலை. அதைக் கேட்டுத்தான் குளிசை நாளைக் குறிப்பார். மூடுபனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது குளிர் தாங்காமல் என் சேலைத் தலைப்புக்குள் கையை விட்டுக்கொள்வார். ரொட்டியைச் சம்பலோடு சுற்றிக் கொண்டுபோவேன். "அக்கா, உங்கடை ஊர் உறைப்பு எங்கடை உறைப்பை விட மோசம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்பார். ஒரு நாள் பூதக்கண்ணாடியில் பூச்சியின் வாயைக் காட்டினார். சதையை வெட்டுகிற இரண்டு தகடு. என் அம்மா பிரசவத்தில் இரத்தமில்லாமல் செத்தவள். நான் ரொம்ப நேரம் பார்த்தேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

கொப்பியைப் பார்த்து ஒருமுறை கேட்டார். "என்னைப் படமாக் கீறினால் என்ன கீறுவியள்?"

"ஸ்வெட்டரு."

"ஒண்டோ?"

"மூணு."

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு ஒரு நாட்டில் இடம் கிடைத்தது. இந்த முறை எடுத்துப் போன பூச்சிகள் எல்லாவற்றுக்கும் மூன்று கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருந்தன. பேராதனை ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றிவிட அவர்தான் வந்தார். அவர் போகிறவர், நான் வழியனுப்ப வந்தவள். கடைசியில் அவர் என்னை வழியனுப்பிவிட்டுத் திரும்பினார். முதல் இரண்டு வருஷம் கடிதம் வந்தது. எனக்கு விளங்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுவார். பூச்சி செய்கிற வேறொரு புரதத்தைப் பிடித்திருக்கிறார்களாம், மருந்தாக வர இன்னும் பல வருஷம் ஆகுமாம். அதற்குப் பிறகு கடிதமில்லை. குறை சொல்லவில்லை. அவரவருக்கு வேலை இருக்கிறது.

இதை எழுதச் சொன்னவர்களுக்கு ஒரு பாடம் வேண்டும் என்று தெரியும். பாடத்தை முன்னாலேயே சொல்லிவிட்டேன்: கண்டதை எழுதுங்கள், தப்புத் தெரிந்தால் அன்றைக்கே ரயிலேறுங்கள். இது பாடம் இல்லாத மிச்சம். அந்தக் கடிதம் எழுதிய நாளில், அவர் போகப் போவதில்லை என்று தெரிந்த அந்த நேரத்தில், அவ்வளவு வெட்கத்துக்கும் நடுவில், எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் வந்தது. அவருக்கு நான் இல்லாமலாக்கிய இரண்டு வருஷம்தான் எனக்குக் கிடைத்த இரண்டு வருஷம். என் ஆயுளில் அதுபோல் வேறு காலம் இல்லை. உடப்புசல்லாவையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தை இன்றைக்கும் கடந்து போனால் என் தலைப்பு கனக்கிறது.

குளிசைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பத்தொன்பது நாளுக்கும் கேட்டேன். இந்தச் சந்தோஷத்துக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமானால் அந்த இரண்டு வருஷமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.